‘சுளுக்கு’ என்னும் ஒரு சொல்: மலைத்தோட்ட மாணவரும் விளையாட்டுக் காயங்களும்



இலக்கணமும் இலக்கியமும் பேசப்பட்டு வரும் இவ்வுரை வரிசையில் கணுக்காலுக்கு என்ன இடம் என்று சிலர் வியக்கலாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வளரும் மாணவர்களின் விளையாட்டுக் காயங்களை ஆராயப் புகுந்தபோது, மருத்துவத்துக்கு முன்னதாகவே ஒரு சொல் நம் வழியில் குறுக்கிட்டது. ‘சுளுக்கு’ என்பது அச்சொல். அதனைக் கடந்தால்தான் மருத்துவத்துக்குள் செல்ல முடியும் என்பதனால், மொழி மன்றமே இதைப் பேசத் தக்க இடம் என்று கருதினோம்.

காலையில் எழுந்ததும் கழுத்தைத் திருப்ப இயலவில்லை; சுளுக்கு என்கிறோம். மூட்டையைத் தூக்கியபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது, அதுவும் சுளுக்கு. ஓட்டத்தின் நடுவே தொடையின் பின்புறம் சுரீர் என்று வலித்து மாணவன் நொண்டி நிற்கிறான், சுளுக்கு. பந்தைப் பிடித்த விரல் வீங்குகிறது, மேட்டிலிருந்து இறங்கிய கால் உட்புறமாக மடங்குகிறது; இவையும் சுளுக்கே. மருத்துவர் கண்ணுக்கு இவை ஐந்தும் ஐந்து வேறு நிகழ்ச்சிகள். முதலிரண்டில் பெரும்பாலும் தசை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவதில் தசையின் இழைகள் அறுகின்றன. நான்காவதில் விரல் மூட்டின் உறையோ, சில வேளை எலும்பின் சிறு துண்டோ பெயர்கிறது. ஐந்தாவதில் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் கிழிகிறது.

இங்கே ஒரு சொல்லாட்சிக் குறிப்பு தேவை. எலும்பை எலும்போடு கட்டும் இழைக்கும், தசையை எலும்போடு கட்டும் இழைக்கும் தமிழில் வழங்கும் பெயர்கள் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. ‘தசைநார்’ என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதையும் காண்கிறோம். பேச்சு வழக்கிலோ இரண்டும் ‘நரம்பு’ ஆகிவிடுகின்றன. ‘நரம்பு பிரண்டுவிட்டது’ என்பார்கள். இவ்வுரையில் முன்னதைப் பிணைநார் என்றும், பின்னதைத் தசைநாண் என்றும் குறிப்பிடுகிறோம். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வதில் நமக்குத் தடையில்லை. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

பெயர் ஒன்றாக இருப்பதனால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. எண்ணெய் தடவி அழுத்தி உருவுதலே அவ்வைத்தியம். இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் நீவினால் சுளுக்கு விடும் என்றும், கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் அது விலகும் என்றும் நம்பிக்கைகள் உண்டு. இவற்றை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. இறுகிப் பிடித்த கழுத்துத் தசையை இளஞ்சூட்டோடு மெல்ல நீவினால் இதம் கிடைக்கும். தசைப்பிடிப்பு சில நாளில் தானாகவும் தணியும். ஆகவே நம்பிக்கை பலித்ததாகத் தோன்றும். ஆனால் அதே கையால், பிணைநார் கிழிந்து உள்ளே குருதி கசிந்துகொண்டிருக்கும் கணுக்காலை உருவினால் கசிவு மிகும், வீக்கம் பெருகும். அடிபட்டு இரத்தம் கட்டிய தொடைத் தசையைத் தொடக்கத்திலேயே அழுத்தித் தேய்ப்பதனால், அத்தசைக்குள் எலும்பு போன்ற கடினப் பொருள் உருவாகும் அபாயமும் கூடுகிறது. எலும்பு முறிந்திருந்தால் விளைவைச் சொல்லவே வேண்டியதில்லை.

தோட்ட மக்களிடையே இவ்வழக்கம் வேரூன்றியதற்கு அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது; அது நியாயமாகாது. 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்து சென்றார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டதிலும் கொழுந்து பறித்ததிலும் தமிழ்த் தொழிலாளர் பங்கு பெரிது. முதுகில் கூடையுடன் ஈரச் சரிவில் நாள் முழுதும் நின்று கொழுந்து கிள்ளியவருக்கு எடைக்குத்தான் கூலி. இடுப்புப் பிடித்துக்கொண்டால் இரவில் எண்ணெய் தேய்த்து, காலையில் மீண்டும் மலையேறியாக வேண்டும்; ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. தொழிலாளரிலும் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர் மிகுந்துவிட்டனர். தமிழ்க் குடும்பங்களில் பல நகரங்களுக்கு இறங்கிவிட்டன. ஆயினும் ‘தேய்த்துவிட்டு மறுநாளே எழுந்து போ’ என்னும் அந்தப் பழைய கட்டளை வீடுகளில் எஞ்சியிருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் கால் மடங்கிய பிள்ளைக்குக் கிடைப்பதும் அதுவே. கூலிக்காரரின் தேவையிலிருந்து பிறந்த மருத்துவத்தை விளையாடும் குழந்தையின்மேல் ஏற்றுகிறோம் என்பது நம் கருத்து.

மலைநிலம் தரும் சிக்கல்கள் தனி. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரிஞ்சாங் அதனினும் மேலே. சமதரை அரிது, மழை மிகுதி, காலைகள் குளிர்ந்தவை. திடல் சிறிதாக இருக்கும் இடத்தில் குறுக்கோட்டப் பயிற்சிக்குத் தோட்டத்துச் சாலையும் சரிவுமே கைகொடுக்கின்றன. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆகவே ஏற்றமே கடினம் என்று எண்ணுகிறோம். தசைக்குக் கடினமானது இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை, நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீண்டுகொண்டே இழுக்கும் தசையில்தான் நுண்ணிழைச் சேதம் அதிகம். மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்க முடியாமல் தொடை கனப்பது இதனால்தான். இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒருமுறை இவ்வாறு உழைத்த தசை, சில நாள் கழித்து அதே உழைப்பைக் குறைந்த சேதத்தோடு தாங்கக் கற்றுக்கொள்கிறது. அன்றாடம் சரிவில் நடக்கும் மலைப்பிள்ளைக்கு இப்பழக்கம் இயல்பாகவே வாய்த்திருக்கும்.

அதே பிள்ளை மாவட்ட நிலையில் வென்று, குவாந்தான் போன்ற தாழ்நிலத்துக்குச் சென்று, செயற்கைத் தளத்தில் ஆணிக்காலணியோடு விரைவோட்டம் ஓடும்போது நிலைமை மாறிவிடுகிறது. அவ்வேகத்துக்கு அவன் பின்தொடை பழகியதில்லை. கால் முன்னே வீசப்பட்டுத் தரையைத் தொடப்போகும் அந்தக் கணத்தில், பின்தொடைத் தசை நீண்ட நிலையில் காலை இழுத்து நிறுத்துகிறது. விரைவோட்டக்காரரின் பின்தொடை பெரும்பாலும் அறுவது அப்போதுதான். ஆக, அபாயம் சரிவிலும் இல்லை, செயற்கைத் தளத்திலும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரெனத் தாவுவதில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பயிற்சியின்றி இருந்துவிட்டு, விளையாட்டுப் போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்களில் காலையும் மாலையும் ஓடவிடுகிற நம் பள்ளி வழக்கமும் இவ்வகைத் தாவலே. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். மழையையும் மேட்டையும் நாம் மாற்ற முடியாது, கால அட்டவணையை மாற்ற முடியும்.

குழந்தை உடலைப் பற்றி ஒரு செய்தியைத் தனித்துச் சொல்ல வேண்டும். பெரியவருக்குக் கால் மடங்கினால் பிணைநார் கிழியும். வளரும் பிள்ளைக்கோ எலும்பின் நுனியருகே வளர்தகடு என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. பல வேளைகளில் பிணைநாரை விட அத்தகடே வலுக்குறைந்தது. ஆகவே பெரியவருக்குச் சுளுக்காக முடிவது பிள்ளைக்கு எலும்புக் காயமாக முடியலாம். முழங்காலுக்குக் கீழே முன்புறம் புடைத்து வலிக்கும் நிலையை 1903இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே விளக்கினர். குதிகால் வலியை 1912இல் செவர் விளக்கினார். ஓடியாடும் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இவ்விரண்டும் இன்றும் பரவலாக உண்டு. ‘வளரும் வயதில் வருகிற வலிதான்’ என்று தள்ளிவிடுவதும் தவறு, ‘சுளுக்கு’ என்று உருவுவதும் தவறு. குதித்தலையும் ஓட்டத்தையும் சில காலம் குறைத்து, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் முறையான நீட்சியும் வலுவும் கொடுத்தால் பெரும்பாலோர்க்கு அது தணிந்துவிடும்.

இனி, காயம் யாருக்கு வருகிறது என்னும் வினா. உயரம், எடை, தரை, காலணி, தூக்கம், பயிற்சியளவு என ஆராய்ச்சியாளர் பலவற்றை அளந்திருக்கின்றனர். அவற்றுள் பல ஓர் ஆய்வில் தெரிந்து மற்றோர் ஆய்வில் மறைகின்றன. மீண்டும் மீண்டும் தலைகாட்டுவது ஒன்று: முன்பு காயமுற்ற இடமே மறுபடி காயமுறுகிறது. கணுக்காலுக்கும் பின்தொடைக்கும் இது சிறப்பாகப் பொருந்தும். கணுக்கால் மடங்கியவர் 100 பேரில் 40 பேர் வரை நீண்டகாலத் தளர்ச்சிக்கு ஆளாகின்றனர் என்பர். பிணைநார் வெறும் கயிறாக இருந்தால் இப்படி நேராது. கால் எக்கோணத்தில் நிற்கிறது என்று மூளைக்கு உணர்த்தும் நுண்ணுறுப்புகளும் அதில் உண்டு. கிழிந்த நார் கூடிய பின்பும் அவ்வுணர்வு மந்தமாகவே இருக்கக்கூடும். அடுத்த மேட்டில் கால் சாயும்போது தசை ஒரு நொடிப்பொழுது தாமதித்து விழிக்கிறது. கால் மீண்டும் மடங்குகிறது. வலி போய்விட்டது என்பதும் காயம் ஆறிவிட்டது என்பதும் ஒன்றல்ல என்று நாம் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டவர் அனைவரும் அறிந்த ஒரு சான்று உண்டு. 2012 மே மாதம் சீனாவின் வூஹானில் நடந்த தாமஸ் கிண்ணப் போட்டியில், டென்மார்க்கின் பீட்டர் காடேயை எதிர்த்து ஆடியபோது லீ சோங் வெய்யின் கணுக்கால் பிணைநார் காயமுற்றது. லண்டன் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தன. மருத்துவரும் உடற்பயிற்சி வல்லுநரும் உடனிருக்க, படிப்படியான மறுபயிற்சிக்குப் பின்னரே அவர் களமிறங்கினார். ஆகஸ்டு 5இல் இறுதியாட்டத்தில் லின் டானிடம் 21–15, 10–21, 19–21 என்று தோற்று வெள்ளி பெற்றார். அந்த இரண்டு புள்ளிக்குக் கணுக்கால்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது; நாமும் சொல்லவில்லை. உலகின் முதல்நிலை ஆட்டக்காரருக்கே, நாள்தோறும் கண்காணிப்பு இருந்தும், பல வாரங்கள் தேவைப்பட்டன என்பதையே கருதுகிறோம். வெள்ளிக்கிழமை கால் மடங்கிய ஐந்தாம் ஆண்டு மாணவியைத் திங்கட்கிழமை அஞ்சலோட்டத்துக்கு அழைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

கால் மடங்கிய அந்த முதல் மணி நேரத்தில் பெரும்பாலும் அருகில் இருப்பவர் ஆசிரியர். தானா ராத்தா மருத்துவமனைக்கு வளைந்து செல்லும் மலைச்சாலையில் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டுமா, வேண்டாமா என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பவரும் அவரே. இதற்கு உதவும் விதி ஒன்று கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்னும் மருத்துவரின் குழுவால் 1992இல் வெளியிடப்பட்டது. எல்லாக் கணுக்காலுக்கும் ஊடுகதிர்ப் படம் எடுப்பதைக் குறைக்க மருத்துவருக்காக எழுந்த விதி அது. அதன் சாரம் ஆசிரியருக்கும் பயன்படும். கணுவின் இருபக்க எலும்பு முனைகளையும், அவற்றின் பின்விளிம்பில் மேல்நோக்கி ஆறு சென்டிமீட்டர் வரையிலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தி நிற்கும் எலும்பையும், உள்வளைவின் மேலுள்ள எலும்பையும் அவ்வாறே பார்க்க வேண்டும். எலும்பின்மேல் அழுத்தும்போது வலித்தாலும், நொண்டியேனும் நான்கு அடி நடக்க இயலாவிட்டாலும் படம் எடுத்தே ஆக வேண்டும். சிறு பிள்ளைகளிடத்தில் ஐயம் இருந்தால், வளர்தகட்டை எண்ணி, அனுப்பிவிடுவதே மேல். காலின் வடிவம் மாறியிருந்தாலோ, விரல்கள் மரத்தோ வெளுத்தோ இருந்தாலோ விதியையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

முதலுதவியைப் பற்றிய அறிவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கினையும் 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் ஒரு சூத்திரமாக்கினார். உலகமெங்கும் உடற்கல்வி நூல்களில் அது பரவியது. பல்லாண்டுகள் கழித்து, பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதிக்கச் செய்யலாம் என்று அவரே எழுதினார். தம் புகழுக்குக் காரணமான சூத்திரத்தைத் தாமே திருத்துவது எளிய செயலன்று. இன்றைய கருத்து ஏறத்தாழ இவ்வாறு இருக்கிறது: முதல் இரண்டு மூன்று நாட்கள் காலைக் காத்து, கட்டி, உயர்த்தி வைக்க வேண்டும், வலி தணியப் பனிக்கட்டியைத் துணி சுற்றிச் சிறிது நேரம் வைக்கலாம், அந்நாட்களில் சூடு, எண்ணெய், உருவுதல், ஓட்டம் ஆகியவை கூடா. அதன்பின் படுத்தே கிடத்தலும் கூடாது. வலி பொறுக்கும் அளவுக்குக் காலூன்றி நடக்கவும், மூட்டை அசைக்கவும் தொடங்க வேண்டும். அளவான சுமையே கூடிவரும் நாரை வலுப்படுத்துகிறது.

சிறு கிழிவு ஒன்று முதல் மூன்று வாரங்களில் தேறலாம். முழுக்கிழிவுக்கு மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். நாட்காட்டியை விடக் காலையே கேட்பது நல்லது. காயமுற்ற காலால் மட்டும் முப்பது நொடி அசையாமல் நிற்க முடிகிறதா, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடிகிறதா, ஒற்றைக்காலில் மற்றக் கால் அளவுக்குத் தாவ முடிகிறதா, எட்டு வடிவில் வேகமாக ஓடித் திரும்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் போட்டி காத்திருக்கட்டும். ஒற்றைக்காலில் நிற்கும் அப்பயிற்சியே மந்தமான உணர்வைத் தட்டியெழுப்பும் மருந்துமாகிறது. செலவில்லாதது; காலையணி வகுப்பிலும் செய்யலாம். முன்பு மடங்கிய கணுக்காலுக்குப் போட்டி நாட்களில் உறுதியான கட்டோ கவசமோ அணிவதும் மறுகாயத்தைக் குறைக்கிறது.

வருமுன் காத்தலுக்கும் சான்றுகள் வலுவாக உள்ளன. ‘பதினொன்று பிளஸ்’ எனப்படும் காற்பந்துப் பதப்படுத்தும் பயிற்சியை நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 சிறுமியரிடம் சோதித்து, முடிவை 2008இல் வெளியிட்டனர். செய்தவரிடம் ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இருபது நிமிடம் போதும். ஒரு பந்தும் சிறிது இடமும் போதும். டென்மார்க்கில் 942 காற்பந்து வீரர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முழந்தாளிட்டு, துணைவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை முன்னோக்கி மெல்லச் சாய்த்திறக்கும் பயிற்சி புதிய பின்தொடைக் காயங்களைப் பாதிக்கு மேல் குறைத்தது. நீண்டுகொண்டே தாங்கும் வலுவையே இப்பயிற்சி வளர்க்கிறது. தாழ்நிலத்துக்கு விரைவோட்டம் ஓடச் செல்லும் மலைப்பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான். குளிர்ந்த காலையில் திடலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ‘பதப்படுத்தியாயிற்று’ என்பதற்கும் இதற்கும் தொலைவு மிகுதி.

விளையாட்டு மருத்துவம் நமக்கு அந்நியமானதென்று எண்ண வேண்டா. 1966இல் மலேசியாவின் முதல் சிறந்த விளையாட்டு வீரராகவும் வீராங்கனையாகவும் தெரிவு பெற்ற இருவரும் தமிழர். கேமரன் மலைக்கு ஏறும் வழியிலுள்ள தாப்பாவைச் சேர்ந்த எம். இராஜமணி ஒருவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடி, 2017 வரை முறியாத தேசியச் சாதனையை வைத்திருந்த டாக்டர் மணி ஜெகதீசன் மற்றொருவர். மருத்துவரான அவர் பின்னாளில் ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்கும் தலைமை வகித்தார். ஓடிய கால்களும் அவற்றைப் பற்றி ஆராய்ந்த அறிவும் நம்மிடையே ஒருவரிடத்தில் கூடியிருந்தன.

இம்மன்றத்திடமும் ஆசிரியரிடமும் நாம் வேண்டுவது சிறிது. நெதர்லாந்தின் வில்லெம் வான் மெக்கெலன் 1992இல் வகுத்த முறைப்படி, காயத்தடுப்பின் முதற்படி மருந்தன்று, எண்ணிக்கை. எத்தனை காயம், எவ்வளவு கடுமை என்று தெரிந்த பின்னரே காரணமும் தடுப்பும். பள்ளிதோறும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அதில் நாள், வகுப்பு, செய்த பயிற்சி, தரை ஈரமா உலர்ந்ததா, எந்த மூட்டு, அதே இடத்தில் முன்பு காயம் உண்டா, எத்தனை நாள் ஆடவில்லை என்று எழுதுவோம். ‘சுளுக்கு’ என்று எழுத வேண்டா. பிடித்திருந்தால் தசைப்பிடிப்பு, இழை அறுந்திருந்தால் தசைக்கிழிவு, மூட்டு மடங்கி வீங்கினால் பிணைநார்க் காயம், அடிபட்டுக் கன்றியிருந்தால் இரத்தக்கட்டு, மூட்டு இடம் பெயர்ந்திருந்தால் மூட்டு விலகல். எதுவென்று தெரியாவிட்டால் ‘தெரியவில்லை, மருத்துவரிடம் அனுப்பப்பட்டது’ என்று எழுதலாம். வீட்டில் பாட்டி சுளுக்கு என்றே சொல்லட்டும், ‘எந்தச் சுளுக்கு?’ என்று பேரப்பிள்ளை திருப்பிக் கேட்கும் அளவுக்கு அக்குறிப்பேடு வகுப்பறையில் புழங்க வேண்டும். முதல் ஆண்டின் ஏடுகளை மன்றம் திரட்டித் தருமாயின், இம்மலைப் பிள்ளைகள் ஏற்றத்தில் விழுகிறார்களா, இறக்கத்தில் விழுகிறார்களா, போட்டிக்கு முந்திய அந்த இரண்டு வாரத்தில் விழுகிறார்களா என்பதை அவர்களின் கணக்கைக் கொண்டே பேச இயலும்.